பாண்டி சண்டே மார்க்கெட் எல்பி கடை: கவரைப் பார்த்துத்தான் விலை

காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் துணிக் கடைகளைத் தாண்டி, பழைய சாமான் போடுகிற பக்கம் ஒருவர் தார்ப்பாயில் எல்பி இசைத்தட்டுகளைப் பரப்பி வைத்திருப்பார். பெயர்ப்பலகை கிடையாது. பிளாஸ்டிக் உறை, தரம் எழுதிய ஸ்டிக்கர் எல்லாம் எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஆனால் அறுபது, எழுபதுகளின் ஃபோக், ராக், எந்த வகையிலும் சேராத விநோதங்கள் என்று தேடி அலைகிறவராக இருந்தால் கட்டாயம் ஒரு நடை போகலாம், ஏனென்றால் சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வுபெற்ற பாண்டிக்காரர்) வீடுகள் காலியாகும்போது பீரோ நாற்காலியோடு பிரெஞ்சுத் தட்டுகளும் இவரிடம் வந்துவிடுகின்றன.

விலைதான் வேடிக்கை. பிங்க் ஃபிளாய்டு ராக் குழுவின் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973), கல்கத்தா டம்டமில் அச்சான இந்தியப் பிரதி, ஒரு பக்கம் முழுக்கக் கீறல், அதற்கு 2500 ரூபாய். கவரில் உள்ள முக்கோணம் எல்லாருக்கும் தெரியும் இல்லையா, அதனால் பத்து ரூபாய்கூடக் குறைக்க மாட்டார். அதே அடுக்கில் யாழ்க் கலைஞர் ஆலன் ஸ்டிவெல் 1972-இல் பாரிஸ் ஒலிம்பியா அரங்கில் வாசித்த கச்சேரித் தட்டு வெறும் 300. "பிரெஞ்சு யாருக்கு சார் புரியும்?" என்கிறார். அதில் பாடுவது பெரும்பாலும் பிரான்சின் பிரிட்டனி பகுதியில் பேசும் பிரெத்தோன் மொழியில், அது பிரெஞ்சுக்காரர்களுக்கே புரியாது! கெல்டிக் யாழ், எலக்ட்ரிக் கிதார், நடுவில் நம்ம நாயனம் மாதிரி சீவாளி வைத்து ஊதுகிற பாம்பார்டு. கடைசிப் பக்கத்தில் அது உச்சத்துக்கு ஏறும்போது அரங்கமே கைதட்டுவது கேட்கும். 300 ரூபாய்க்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

பக்திப் பாடல் அடுக்கையும் விடாமல் புரட்டுங்கள். ஜாஸ் கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லினின் 'சக்தி' குழுவின் முதல் தட்டு (1976) அங்கேதான் கிடந்தது. பெயர் சக்தி, உள்ளே எல். சங்கர், விக்கு விநாயக்ராம் என்று இருந்தால் அவர் வேறெங்கே வைப்பார், பாவம்.

குறைகளும் உண்டு. போட்டுக் கேட்க பிளேயர் இல்லை, வாங்கினால் திரும்ப எடுத்துக்கொள்ளவும் மாட்டார். பத்து மணிக்கு மேல் வெயில் தட்டின் மேலேயே அடிக்கிறது, வளையாமல் என்ன செய்யும்? காலையிலேயே போய், தட்டைக் கண் மட்டத்தில் கிடையாகப் பிடித்து விளிம்பைப் பாருங்கள். கவர் ஒன்று, உள்ளே தட்டு வேறொன்று என்பதும் சகஜம். லேபிளையும், பாட்டு முடிகிற இடத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். வெள்ளைப் புள்ளியாகப் பூத்திருக்கும் பூஞ்சைக்குப் பயப்பட வேண்டாம், கடலோர ஊரில் அது இல்லாமல் இருக்காது, லேபிள் நனையாமல் கழுவினால் பெரும்பாலும் போய்விடும். ஆனால் நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய தட்டுகளில் மட்டும் ஸ்பிரிட் போட்டுவிடாதீர்கள், அது அரக்கு, கரைந்துவிடும்.

பேரம் பேசலாம், இரண்டு மூன்றாக எடுத்தால் இறங்கி வருவார். மக்மா என்ற பிரெஞ்சு ராக் குழு தாங்களே உண்டாக்கிய மொழியில் பாடிய 1973 தட்டு ஒன்று கடைசியாகப் போனபோதும் அங்கேதான் இருந்தது, 800 சொல்கிறார். எனக்கு அந்தக் கத்தல் ஒத்துவரவில்லை, வேண்டியவர்கள் போய் எடுத்துக்கொள்ளுங்கள்.