பைதான் எண்கள்: பல வருடப் பழக்கத்தில் தெரிந்தவை

கணக்கு சார்ந்த சின்னச் சின்ன ஸ்கிரிப்டுகளுக்கு, பைதான் 2 காலத்திலிருந்தே பைதான் நிரல்மொழிதான் எனக்கு. அதன் எண் வகைகளைப் பற்றி மட்டும் இங்கே.

முழு எண்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 64 பிட் எல்லை கிடையாது, நினைவகம் தாங்கும்வரை எண் வளரும். 2**1000 (2-இன் 1000-ஆம் அடுக்கு) என்று தட்டினால் 302 இலக்கங்களும் பிசகாமல் வரும். ஒரே ஒரு கட்டுப்பாடு 2022-இல் வந்தது: 4300 இலக்கங்களுக்கு மேல் போகும் எண்ணை எழுத்துச் சரமாக மாற்றினால் பிழை காட்டும். மிகப் பெரிய எண்ணைக் கொடுத்து சர்வரை முடக்காமல் தடுக்கத்தான் அது. வேண்டுமானால் எல்லையைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் இந்தச் சுதந்திரம் நம்பை (NumPy, எண் வரிசைகளுக்கான பைதான் நூலகம்) வரிசைகளுக்குள் செல்லாது. அங்கே 64 பிட்டைத் தாண்டினால், சத்தமே இல்லாமல் எண் எதிர்மறைக்குச் சுற்றிவிடும்.

பைதான் 2-இல் 7/2 என்றால் 3. பைதான் 3-இல் 3.5. முழு எண்ணாகவே வேண்டுமென்றால் // இருக்கிறது, ஆனால் அது எப்போதும் கீழ்நோக்கித்தான் போகும்: -7//2 என்பது -4. சி மொழியிலிருந்து வருபவர்கள் இங்கே முகம் சுளிப்பார்கள். எனக்கோ இதுதான் பிடித்திருக்கிறது. % குறியின் மீதி, வகுக்கும் எண்ணின் குறியையே எடுத்துக்கொள்வதால், வாரநாள் கணக்கில் எவ்வளவு பின்னால் போனாலும் விடை 0 முதல் 6-க்குள் நிற்கும்.

தசம எண்கள்தான் தலைவலி. 0.1 + 0.2 தரும் 0.30000000000000004 ஊரறிந்த கதை. இருமத்தில் 0.1-ஐத் துல்லியமாக எழுத முடியாததற்குப் பைதானைக் குறை சொல்லிப் பயனில்லை. எனக்கு அதைவிட உறுத்துவது, எண்ணைக் கிட்டிய மதிப்புக்கு மாற்றும் ரவுண்ட் (round). 2.5-ஐக் கொடுத்தால் 2, 3.5-ஐக் கொடுத்தால் 4. சரிபாதியில் நிற்பதை இரட்டைப்படை எண்ணுக்குத் தள்ளுவது அதன் விதி. சரி, அது புரிகிறது. ஆனால் 2.675-ஐப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கத்துக்கு ரவுண்ட் செய்தால் 2.67 வருவது வேறு காரணத்தால்: உள்ளே சேமிக்கப்பட்ட மதிப்பே 2.675-ஐவிடக் கொஞ்சம் குறைவு.

பணக் கணக்கென்றால் டெசிமல்தான் (Decimal, எண்ணைப் பதின்ம முறையிலேயே வைத்திருக்கும் வகை). மதிப்பை மேற்கோள் குறிக்குள் '0.1' என்று சரமாகக் கொடுக்க வேண்டும். வெறுமனே 0.1 என்று கொடுத்தால் ஃப்ளோட்டின் (float, மேலே சொன்ன சாதாரண தசம எண் வகை) பிசிறுகளும் கூடவே வந்துவிடும். டெசிமலையும் ஃப்ளோட்டையும் கூட்டப் பார்த்தால் பைதான் மறுத்துவிடுவது பெரிய உபகாரம். ஒப்பிட மட்டும் அனுமதிக்கிறது, அங்கே கவனம் தேவை. ஒரு காலத்தில் டெசிமல் மெதுவாக இருந்தது. 3.3 பதிப்பில் சி மொழியில் எழுதிய வடிவம் வந்தபின் வேகத்தைக் காரணம் காட்டி ஒதுக்கத் தேவையில்லை.

அப்புறம், 3.12-க்கு மாறுபவர்களுக்கு ஒன்று. பத்து 0.1-களைச் சம் (sum) கொண்டு கூட்டினால் முன்பு 0.9999999999999999, இப்போது 1.0. பழைய விடையை அப்படியே எதிர்பார்க்கும் சோதனைகள் உடையும். அங்கெல்லாம் == இருந்த இடத்தில் ஈஸ்குளோஸ் (math.isclose, இரண்டு எண்கள் கிட்டத்தட்ட சமமா என்று பார்ப்பது) போட்டுவிடுங்கள்.