ம்லாடா போலெஸ்லாவா, கோப்ர்ஷிவ்னிட்சேயா?

செக் நாட்டில் கார் பிறந்த ஊர் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றால் இந்த இரண்டில்தான் போட்டி. தலைநகர் பிராகாவிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் இருப்பது ம்லாடா போலெஸ்லாவ். 1895-இல் லாரின், க்ளெமென்ட் என்ற இருவர் அங்கே சைக்கிள் தொழிலைத் தொடங்கினார்கள். அப்புறம் மோட்டார் சைக்கிள், 1905-இல் கார், 1925-இல் ஸ்கோடாவுடன் இணைப்பு. இன்று ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் கையில் செழிப்பாக ஓடுகிறது. அருங்காட்சியகமும் பளபளப்பாக இருக்கும். காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம்.

கோப்ர்ஷிவ்னிட்சே அப்படியில்லை. நாட்டின் கிழக்குக் கோடியில், ஓஸ்த்ரவாவுக்குத் தெற்கே இருக்கும் சிற்றூர். ஓர் இரவு தங்குவதே நல்லது. 1850-இல் ஷுஸ்தலா என்பவர் குதிரை வண்டிப் பட்டறை போட்டார். அதே ஆலைதான் 1897-இல் ‘பிரெசிடென்ட்’ காரைச் செய்தது, பின்னர் டாட்ரா என்ற வாகன நிறுவனம் ஆனது. அதன் பொறியாளர் ஹான்ஸ் லெட்வின்கா வண்டியின் அடிச்சட்டகத்துக்குப் பதில் நடுவே ஒரே தடித்த குழாயை முதுகெலும்பாக வைத்தார். சக்கரங்கள் இருபுறமும் தனித்தனியே ஏறி இறங்கும். கரடுமுரடான தடங்களில் டாட்ரா லாரி இன்றும் பெயர் வாங்குவது இதனால்தான். 1934-இல் வந்த டாட்ரா 77 இன்னும் விசித்திரம்: காற்றைக் கிழிக்கும் உடல், பின்புறம் காற்றால் குளிரும் வி8 எஞ்சின்.

1999-இல் டாட்ராவின் கார் உற்பத்தி நின்றுவிட்டது, லாரி மட்டும் தொடர்கிறது. ஓட்டப்பந்தய வீரர் எமில் சாடோபெக் பிறந்ததும் இந்த ஊரில்தான்.

வெற்றிக்கதை வேண்டுமா, போலெஸ்லாவ். பொறியியல் கிறுக்கு இருந்தால் யோசிக்காமல் கோப்ர்ஷிவ்னிட்சேவுக்கு ரயில் ஏறுங்கள்.