பழைய மோட்டார் சைக்கிளுக்கு டிஸ்க் பிறேக் மாற்றுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம் பக்கங்களில் பழைய ஹொண்டா, யமஹா வைத்திருப்பவர்கள் இதைத் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். முன்சில்லின் டிரம் பிறேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பொருத்தித் தருகிறோம் என்று சொல்லும் ஒரு கராஜில் 42,000 ரூபா கொடுத்தேன். அந்த வேலையால் நானும் என் மகளும் நடுவீதியில் விழுந்தோம்.

என்னுடையது ஹொண்டா பென்லி சிடி 125. இரட்டைச் சிலிண்டர், முன்னும் பின்னும் டிரம். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு இந்தப் பழைய வண்டிகளின் விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். என் வண்டியின் இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. முன் பிறேக்தான் சரியாகப் பிடிக்கவில்லை. டிரம்முக்குள் உரசிச் சில்லை நிறுத்தும் பிறேக் சூவை மாற்றி டிரம்மையும் பார்த்துத் தாருங்கள் என்றுதான் கராஜில் கேட்டேன்.

முதலாளி சில்லைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. “அண்ணை, இந்த டிரம் முடிந்துவிட்டது. இனிச் சூ போடுவது வீண் செலவு. டிஸ்க் போட்டுத் தருகிறேன், ஒரு விரலால் பிடித்தாலே நிற்கும்” என்றார். பொருள்கள் என்ன என்று கேட்டதற்கு, எல்லாம் ஜப்பான் ரீகண்டிஷன், ஒரே வண்டியில் இருந்து கழற்றியவை என்று உறுதி சொன்னார். பற்றுச்சீட்டிலும் அப்படியே எழுதித் தந்தார்.

முதலில் பிறேக் நன்றாகத்தான் பிடித்தது. பிறகு லீவரின் தளர்வு, அதாவது பிறேக் பிடிக்கும்முன் லீவர் சும்மா அசையும் தூரம், குறைந்துகொண்டே வந்தது. கராஜில் காட்டியபோது, புதுப் பாட் (டிஸ்க் தகட்டை அழுத்திப் பிடிக்கும் கட்டை) பழகும்வரை அப்படித்தான் இருக்கும் என்றார்கள். காலபோக அறுவடை நேரம். மகளை உயர்தர வகுப்பிலிருந்து ஏற்றிக்கொண்டு பரந்தன் - முல்லைத்தீவு வீதியால் வருகிறேன். விசுவமடுவை நெருங்கும் இடத்தில் பாதி வீதிக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள். வேகத்தைக் குறைக்க முன் பிறேக்கை மெதுவாகத் தொட்டுவிட்டு விரலை எடுத்தேன். பிறேக் விடவில்லை. சில்லு இறுகி, நெல்லின் மேல் வழுக்கி, இருவரும் விழுந்தோம். மகளின் முழங்கை தோல் உரிந்தது. பின்னால் வந்த டிப்பர் சற்றுத் தள்ளி வந்தபடியால்தான் இதை எழுத முடிகிறது.

நெல் அள்ளிக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து வண்டியைத் தூக்கினார்கள். முன்சில்லு அசையவே இல்லை. டிஸ்க் தகட்டில் தெளித்த தண்ணீர் சீறி ஆவியானது. லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றி, புதுக்குடியிருப்பில் பல காலமாக வேலை செய்யும் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். போர்க்காலத்தில் வடக்குக்குப் பொருளாதாரத் தடை இருந்தபோது மண்ணெண்ணெயில் வண்டி ஓடவைத்த தலைமுறை அவர். பாட்களைத் தகட்டில் அழுத்தும் கலிப்பரில், காற்று எடுக்கும் நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்தினார். ஒயில் பீய்ச்சி அடித்தது, சில்லு உடனே சுழன்றது. “கலிப்பர் இறுகவில்லை தம்பி, மேலே ஒயில் திரும்பும் வழி அடைபட்டிருக்கிறது” என்றார்.

லீவரோடு சேர்ந்து ஒயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரில், ஒயில் கிண்ணத்தின் அடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு சிறு துளை உண்டு. லீவரை விட்டதும், சூட்டில் விரிந்த ஒயில் அந்தத் துளை வழியாகத்தான் மேலுள்ள கிண்ணத்துக்குத் திரும்ப வேண்டும். கராஜில் ஊற்றியிருந்தது பிறேக் ஒயிலே அல்ல. உழவு இயந்திரத்துக்கோ அறுவடை இயந்திரத்துக்கோ வாங்கிய ஹைட்ராலிக் ஒயில். பிறேக்கில் இருக்கும் றப்பர் சீலுக்குக் கனிம எண்ணெய் ஆகாது, பட்டால் ஊதிப் பருக்கும். பருத்த சீல் துளையை மூடிவிட்டது. ஒயிலுக்குத் திரும்ப வழியில்லை, பாட் தகட்டை விடாமல் உரசும், உரசச் சூடேறும், சூடேற ஒயில் இன்னும் விரியும். லீவரின் தளர்வு குறைந்துகொண்டே வந்ததன் காரணம் இதுதான். பாட் பழகுகிறது என்று அவர்கள் சொன்னது பச்சைப் பொய்.

ஒயிலைச் சோதிப்பது எளிது. கிண்ணத்திலிருந்து சில துளிகளை ஒரு கிளாஸ் தண்ணீரில் விடுங்கள். டொட் (DOT) 3, டொட் 4 வகைப் பிறேக் ஒயில் தண்ணீரோடு கலந்துவிடும். கனிம எண்ணெய் மேலே மிதக்கும். என்னுடையது மிதந்தது. எந்த வகை ஊற்ற வேண்டும் என்று மாஸ்டர் சிலிண்டர் மூடியிலேயே பொறித்திருப்பார்கள். டொட் 4 உலர்ந்த நிலையில் குறைந்தது 230 பாகை செல்சியசில்தான் கொதிக்க வேண்டும். காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155க்கு இறங்கிவிடும். ஆகவே திறந்து கிடந்த போத்தலில் மிஞ்சியதை ஊற்றவும் விடாதீர்கள்.

மற்றப் பொருள்களின் கதையும் அதே. சில்லு ஓர் இந்திய வண்டியுடையது, கலிப்பர் வேறொன்றுடையது, மாஸ்டர் சிலிண்டர் மூன்றாவது ஒன்றுடையது. மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனின் பரப்பும் கலிப்பர் பிஸ்டனின் பரப்பும் பொருந்தினால்தான் கைவிசை சரியான அளவில் பெருகும். பொருந்தாவிட்டால் லீவர் கட்டைபோல் இறுகி நிற்கும், அல்லது கைப்பிடிவரை அமுங்கும். கலிப்பரைத் தாங்கிய துண்டு, பழைய இரும்புப் பட்டையை வெட்டி வெல்டிங் பிடித்தது. பிறேக் பிடிக்கும்போது வரும் விசை முழுவதையும் அந்தத் துண்டுதான் தாங்க வேண்டும். அதில் ஏற்கெனவே வெடிப்பு ஓடியிருந்தது.

கராஜுக்குத் திரும்பிப் போனேன். நான் பிறேக்கில் விரலை வைத்தபடியே ஓடியிருப்பேனாம். என் பழைய முன்சில்லைத் தாருங்கள் என்றேன். பழைய இரும்போடு போய்விட்டதாம். ஒரு பென்லியின் நல்ல முன்சில்லு இன்று எவ்வளவு பெறும் என்று தெரிந்தவர்கள் அதை இரும்புக்குப் போடுவார்களா? என் பொருளையும் எடுத்துக்கொண்டு, என்னிடமே பணமும் வாங்கியிருக்கிறார்கள். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

டிஸ்க்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. முன்சில்லைத் தாங்கும் ஃபோர்க், சில்லு, கலிப்பர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் உண்மையாகவே ஒரே வண்டியிலிருந்து வந்து, தெரிந்தவர் பொருத்தினால் அது நல்ல பிறேக். ஆனால் என் டிரம்முக்கு அது தேவைப்பட்டிருக்காது. புதுக்குடியிருப்பு ஐயா வேறொரு பென்லிச் சில்லைத் தேடி எடுத்து, செய்ய வேண்டியதைச் செய்து தந்தார். டிரம்மின் உட்புறம் முட்டை வடிவாகத் தேய்ந்திருந்ததால் லேத்தில் மெல்லியதாகக் கடைந்தார். எவ்வளவு விட்டம்வரை கடையலாம் என்ற எல்லை டிரம்மிலேயே பொறித்திருக்கிறது, அதைத் தாண்டவில்லை. சூவில் ஒட்டிய புது லைனிங் டிரம்மின் வளைவோடு முழுவதும் படியும்படி தேய்த்தெடுத்தார். சூவை விரிக்கும் கேம் தண்டைச் சுத்தமாக்கி மிகக் கொஞ்சம் கிறீஸ் இட்டார். புதுக் கேபிள் போட்டார். பிறேக்கைப் பிடித்த நிலையில் டிரம் தட்டில் கேபிள் இழுக்கும் இரும்புக் கையும் (ஆம்) கேபிளும் ஏறத்தாழச் செங்கோணத்தில் நிற்கும்படி வைத்தார். தேய்ந்த சூவை மறைக்க அந்த இரும்புக் கையைக் கழற்றி, கேம் தண்டில் ஒரு பல் தள்ளிப் போட்டு அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள், கவனியுங்கள். இவ்வளவுக்கும் சில்லின் விலை போக, டிஸ்க்குக்குக் கொடுத்ததில் கால்வாசிகூட முடியவில்லை. வண்டி இப்போது நேராக நிற்கிறது, நம்பி மகளை ஏற்றுகிறேன்.

எந்தக் கராஜானாலும் கழற்றும் பொருளைத் திருப்பித் தரும்படி முன்பே சொல்லுங்கள். புது ஒயில் போத்தலை உங்கள் கண்முன்னே திறக்கச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் தந்தே ஆக வேண்டும். சேவையில் ஏமாற்றப்பட்டவர்கள் மூன்று மாதங்களுக்குள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். தொலைபேசி இலக்கம் 1977. என் முறைப்பாட்டைப் பற்றுச்சீட்டின் பிரதி, வெடித்த இரும்புத் துண்டின் படம் ஆகியவற்றோடு கொடுத்திருக்கிறேன். விசாரணைக்கு அழைப்பு வர வேண்டும்.

ஏற்கெனவே இப்படி மாற்றியவர்கள் இன்றே ஒன்று செய்யுங்கள். கொஞ்சத் தூரம் ஓடிவிட்டு, நடு ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சில்லைத் தூக்கிக் கையால் சுழற்றுங்கள். இலேசான உரசல் இருக்கலாம். இறுக்கமாக இருந்தாலோ, லீவரில் தளர்வே இல்லாவிட்டாலோ, அந்த வண்டியில் யாரையும் ஏற்றாதீர்கள், நீங்களும் ஏறாதீர்கள்.