மூளை அலைப் பட்டையும் என் மறதியும்

நினைவாற்றல் பெருகும் என்ற விளம்பரத்தைப் பார்த்து மூளை அலைப் பயிற்சிக்கான தலைப்பட்டை வாங்க நினைப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்குப் பெருகவில்லை. ஓராண்டுக்கு மேல் பெரும்பாலான காலைகளில் அணிந்தும், சீட்டு எழுதாமல் மளிகைக் கடைக்குப் போனால் இன்றும் பாதிச் சாமானோடுதான் திரும்புகிறேன்.

நெற்றியிலும் காதுகளுக்குப் பின்னும், மூளையின் மெல்லிய மின்சாரத்தை அளக்கும் மின்முனைகள் பதியும். அந்த அளவை வைத்துக் கைபேசிச் செயலி ஒலி எழுப்பும். கவனம் சிதறினால் காதில் மழைச் சத்தம் வலுக்கும்; மனம் அடங்கினால் ஓயும். பல்லைக் கடித்தாலும் மழை கொட்டும், தசையின் மின்சாரம் மூளை அலையைவிட அவ்வளவு வலுவானது. நெற்றி காய்ந்திருந்தால் சமிக்ஞையே கிடைக்காது. ஈரத் துணியால் துடைத்துக்கொள்ளுங்கள்.

பலன் நான் தேடாத இடத்தில் கிடைத்தது. சிகாகோவில் ஜோ காமியா என்ற உளவியலாளர் 1950-களின் இறுதியில் ஒரு சோதனை தொடங்கினார். கண்ணை மூடியிருப்பவரிடம், இந்தக் கணத்தில் உன் மூளையில் ஆல்ஃபா அலை (விழித்தபடி ஓய்வாக இருக்கும்போது எழும் மூளை அலை) இருக்கிறதா என்று கேட்பார். விடை சரியா, தவறா என்று மட்டும் சொல்வார். அதை வைத்தே பலர் சரியாகச் சொல்லப் பழகிவிட்டார்கள். எனக்கும் சில மாதங்களில், மழை வலுக்கும் முன்பே மனம் நழுவியது தெரிய ஆரம்பித்தது. படிக்கும்போது கண் மட்டும் வரிகளில் ஓடி, மனம் அலுவலகச் சண்டைக்குப் போய்விடும் அல்லவா? முன்பெல்லாம் பக்கம் முடிந்த பிறகு உறைக்கும். இப்போது நாலு வரியில் பிடித்துவிடுகிறேன். மறந்துவிட்டேன் என்று நான் நொந்துகொண்டதில் பாதி, உள்ளே போகவே போகாத சங்கதி! புதிதாக அறிமுகமானவர் பெயர் சொல்லும்போது நான் அங்கே இருந்ததே இல்லை.

இதுவும் பட்டையின் வேலைதானா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், தூக்கமின்மைக்காரர்களுக்கு உண்மையான மூளை அலைப் பயிற்சியும், அதைப் போலவே தோன்றும் போலிப் பயிற்சியும் கொடுத்துப் பார்த்தார்கள். நன்றாகத் தூங்குகிறோம் என்ற உணர்வு இரண்டிலும் ஒரே அளவுக்குக் கூடியது. தினமும் சும்மா கண்மூடி உட்கார்ந்திருந்தாலே எனக்கும் இதே பலன் வந்திருக்கலாம்.

எரிச்சலூட்டுவது, பயிற்சி முடிந்ததும் செயலி போடும் மதிப்பெண்தான். நிம்மதியாகக் கண் திறப்பேன். திரையில் குறைந்த எண்ணைப் பார்த்ததும் அந்த நிம்மதி பொய்யாகத் தோன்றும். என் மனநிலையை எனக்குச் சொல்ல ஒரு செயலியா? அதனால் இப்போது என் கணிப்பைத் தாளில் குறித்த பிறகே திரையைப் பார்க்கிறேன். இரண்டும் மோதும் நாள்களில் தாளைத்தான் நம்புகிறேன். செயலியின் சந்தா முடிந்தால் புதுப்பிக்கப்போவதில்லை.