சின்ன கேபினட், பட்ஜெட் கேமிங் பிசி: எஸ்ஜி13, சிஹெச்160, என்ஆர்200, ஏ3 நாலுல எது?

திண்டுக்கல்லுல இருக்கிற என் சித்தி பையன் இந்த வருஷம் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்கு போறான். கேமிங் பிசி ஒண்ணு போடணும், ஆனா மாசம் ஒரு தடவ பஸ்ல வீட்டுக்கு தூக்கிட்டு வந்து திரும்ப தூக்கிட்டு போகணும், பட்ஜெட்டும் கறார். "அண்ணா, லிட்டர் எது கம்மியோ அந்த கேபினட்ட எடுத்துடவா"ன்னு கேட்டான் (லிட்டர்னா பெட்டியோட மொத்த கொள்ளளவு). வேண்டாம்டா இருன்னு சொல்லி பதில் எழுத ஆரம்பிச்சது நீண்டுக்கிட்டே போச்சு, இதே குழப்பத்துல நிறைய பேர் இருக்கீங்கன்னு தெரியும், அதனால முழுசா போடுறேன்.

சின்ன கேபினட் வாங்கும்போது அது உங்கள வாங்க வைக்கிற மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ் (கரண்ட் குடுக்கிற பவர் சப்ளை) ரெண்டோட விலையையும் சேர்த்து கூட்டிப் பாக்கணும். இங்க தான் எல்லாரும் ஏமாறுறாங்க. மினி ஐடிஎக்ஸ் போர்டு 170க்கு 170 மில்லிமீட்டர், மைக்ரோ ஏடிஎக்ஸ் 244க்கு 244. சின்னது தானே விலை கம்மியா இருக்கும்னு தோணும், ஆனா அவ்ளோ சின்ன இடத்துல எல்லாத்தையும் நெருக்கி வைக்கணும், விக்கிறதும் கம்மி எண்ணிக்கை, அதனால அதே சிப்செட்ல ஐடிஎக்ஸ் போர்டு பல நேரம் மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டோட ரெண்டு மடங்கு விலைக்கு பக்கத்துல போயிடுது. ராம் ஸ்லாட்டும் ரெண்டு தான். எஸ்எம்பிஎஸ் கதையும் இதே தான். சாதா ஏடிஎக்ஸ் சப்ளை 150 மி.மீ. அகலம், 86 உயரம், நீளம் 140ல இருந்து ஆரம்பிக்கும். அதோட சின்ன வடிவமான எஸ்எஃப்எக்ஸ் 125 அகலம், 63.5 உயரம், 100 நீளம், ஆனா பட்ஜெட் விலையில நல்ல எஸ்எஃப்எக்ஸ் கிடைக்கிறது ரொம்ப அபூர்வம். இந்த ரெண்டுலயும் கூடுதலா போற காச கூட்டிப் பாத்தா, ஆர்எக்ஸ் 6600 கிராஃபிக்ஸ் கார்டுக்கு பதிலா அதுக்கு மேல ஒரு கார்டே வாங்கியிருக்கலாமேன்னு வயிறு எரியும்.

தம்பிக்கு நான் மனசுல வச்சிருக்கிற செட்டப் இது: ரைசன் 5 5600, ஆர்எக்ஸ் 6600 இல்லன்னா ஆர்டிஎக்ஸ் 4060. ப்ராசஸர் 65 வாட், 6600 கார்டு 132 வாட், 4060 வெறும் 115 வாட். நல்ல 550 வாட் சப்ளை தாராளமா தாங்கும். கார்டும் ரெண்டு ஃபேன் மாடலா எடுத்தா 200ல இருந்து 250 மி.மீ.க்குள்ள முடிஞ்சிடும். இந்த அளவ மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

முதல்ல சில்வர்ஸ்டோன் எஸ்ஜி13. பத்து வருஷத்துக்கு மேல ஆன டிசைன், இன்னும் பேசப்படுது, காரணம் இருக்கு. 11.5 லிட்டர் தான், 222 அகலம், 181 உயரம், 285 ஆழம், ஒரு பெரிய ஷூ பெட்டிய கொஞ்சம் குண்டாக்குன மாதிரி. அதுக்குள்ள சாதா ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் போகும்! எஸ்எஃப்எக்ஸ் செலவு மிச்சம். காலி பெட்டி ரெண்டரை கிலோ அளவு தான், இந்த நாலுல இது தான் லேசு. ஆனா அந்த எஸ்எம்பிஎஸ் எங்க உக்காருதுன்னு பாக்கணும், நேரா ப்ராசஸர் தலைக்கு மேல. அதனால ப்ராசஸர் கூலர் உயரம் 61 மி.மீ. தாண்டக்கூடாது. 5600 பெட்டியோட வர்ற ரெய்த் ஸ்டெல்த் கூலர் 54 மி.மீ., அது உள்ள போயிடும், ஆனா மேல ஒரு விரல் இடைவெளி கூட இல்லாம சப்ளை நிக்கும், முன்னாடி இருக்கிற ஒரே ஒரு 120 இல்லன்னா 140 மி.மீ. ஃபேன் தான் காத்த தள்ளணும். மே மாசம் ஃபேன் காத்து கூட சூடா வர்ற ஹாஸ்டல் ரூம்ல இது கஷ்டம், ஏசி ரூமா இருந்தா நான் யோசிக்காம சொல்லிடுவேன். கார்டு 266 மி.மீ. வரைக்கும், ரெண்டு ஸ்லாட் தடிமன் தான். எஸ்எம்பிஎஸ் 140 நீளத்துல, மாடுலரா (வேணாத வயர கழட்டி வைக்கிற மாதிரி) எடுங்க, இல்லன்னா அதெல்லாம் சுருட்டி வைக்க உள்ள இடமே கிடையாது.

அடுத்து டீப்கூல் சிஹெச்160. இது 2024ல வந்தது, பார்த்த உடனே இது தூக்கிட்டு போறதுக்குன்னே பண்ணதுன்னு புரியும், ஏன்னா கைப்பிடியோடயே வருது. போர்டு ஐடிஎக்ஸ் தான், ஆனா எஸ்எம்பிஎஸ் சாதா ஏடிஎக்ஸ் போதும், கூலர் 172 மி.மீ. வரைக்கும் நிக்கும், அதாவது 150 மி.மீ. உயரமுள்ள ஏஜி400 மாதிரி சாதாரண டவர் கூலர் ஜம்முனு போகும். கார்டு 305 மி.மீ. வரைக்கும். எஸ்ஜி13ல இருந்த மூச்சு முட்டுற பிரச்சனை இதுல இல்ல, பதிலுக்கு பெட்டி அத விட பெருசு. ஐடிஎக்ஸ் போர்டு செலவு மட்டும் இதுலயும் தப்பாது.

கூலர் மாஸ்டர் என்ஆர்200 பத்தி சொல்லவே வேணாம், 2020ல வந்ததுல இருந்து சின்ன பிசி பேச்சு எடுத்தாலே இந்த பேரு தான் வரும். 18.25 லிட்டர். மூணு ஸ்லாட் தடிமன் கார்டு, 330 மி.மீ. நீளம், 155 மி.மீ. வரைக்கும் கூலர், எல்லா பக்கமும் ஓட்டை போட்ட பேனல், கழட்டி மாட்ட ஸ்க்ரூ கூட தேவையில்ல, அப்படியே இழுத்தா வந்துடும். ஃப்ரெண்டோட பிசிய இதுல அசெம்பிள் பண்ணி குடுத்தேன், நாலு பக்கமும் பேனல எடுத்துட்டா வெறும் எலும்புக்கூடு மாதிரி ஃப்ரேம் மட்டும் நிக்கும், எந்த மூலையிலயும் கைய விடலாம், அவ்ளோ நிம்மதியா வேற எந்த சின்ன பெட்டியிலயும் நான் வேலை பார்த்ததில்ல. பேருக்கு பின்னாடி பி சேர்த்த மாடல்ல கண்ணாடி பேனலும் ரைசர் கேபிளும் (கார்டையும் போர்டு ஸ்லாட்டையும் இணைக்கிற நீட்டிப்பு கேபிள்) வரும். மனசார பிடிச்ச கேபினட், ஆனாலும் தம்பிக்கு இத சொல்ல மாட்டேன். எஸ்எஃப்எக்ஸ் கட்டாயம், ஐடிஎக்ஸ் கட்டாயம், ரெண்டு பக்கமும் காசு கழண்டுடும். கைப்பிடியும் இல்ல.

அந்த ரைசர் கேபிள் பத்தி ஒரு வார்த்தை. கார்ட நிமித்தி வச்சு கண்ணாடி வழியா பாக்க அழகா இருக்கும், ஆனா ஜென் 3 கேபிள (ஜென்னா பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டோட தலைமுறை) ஜென் 4 போர்டுல மாட்டினா சில நேரம் திரையே வராது, பயாஸ்ல போய் ஸ்லாட்ட ஜென் 3ன்னு மாத்தி வைக்கணும். அதுக்கு முதல்ல கார்ட நேரா ஸ்லாட்ல மாட்டி திரைய வர வைக்கணும். மாசாமாசம் ஆடி அசைஞ்சு போற பிசிக்கு இப்படி ஒரு கூடுதல் இணைப்பு எதுக்கு, விட்டுடுங்க.

மைக்ரோ ஏடிஎக்ஸ் பக்கம் லியான் லி, டேன் கேசஸ் சேர்ந்து பண்ண ஏ3. 26.3 லிட்டர், அகலம் 194 மி.மீ. தான், ஆனா நீளம் 443, உயரம் 306. விலை கம்மி போர்டு, விலை கம்மி சப்ளை, 165 மி.மீ. கூலர், 415 மி.மீ. கார்டு, எல்லாம் போகும், நாளைக்கு எந்த கார்டு வாங்குனாலும் கேபினட்ட மாத்த வேண்டியதில்ல. ஃபேன் எதுவும் கூட வராது, அந்த செலவ முதல்லயே எழுதி வச்சுக்கோங்க. இதவிட கம்மி விலைக்கு கூலர் மாஸ்டர் க்யூ300எல் இருக்கு, ஆனா அது 230 மி.மீ. அகலம், 33 லிட்டருக்கு பக்கத்துல, பஸ்ல மடியில வைக்கிற சமாச்சாரம் இல்ல.

தூக்குறது எப்படி இருக்கும்னு நம்பர பாத்து தெரியாது. அதனால ஒரு ஞாயித்துக்கிழமை அட்டைப்பெட்டிய வெட்டி எஸ்ஜி13, என்ஆர்200, ஏ3 மூணோட அளவுக்கும் டேப் ஒட்டி பெட்டி செஞ்சேன். எல்லா பார்ட்டும் சேர்ந்தா வர்ற எடைய கணக்கு போட்டு உள்ள அரிசி பாக்கெட் வச்சேன், அஞ்சரை, எட்டு, ஒம்போது கிலோ. தம்பியோட ட்ராவல் பேக்ல ஒண்ணொண்ணா வச்சு வீட்ல இருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தோம். எஸ்ஜி13 அளவு பெட்டி பேக்ல படுத்துக்கிச்சு, மேல ரெண்டு செட் துணி வைக்க இடம் மிச்சம். என்ஆர்200 அளவு சரியா நின்னுச்சு, ஆனா பாதி தூரத்துல கை மாத்த வேண்டியதாச்சு. ஏ3 பெட்டிக்கு ஜிப் மூடல. நீளம் தான் பிரச்சனை, 443 மி.மீ. பேகுக்கு வெளிய துருத்திக்கிட்டு நிக்குது, பஸ்ல ஏறும்போது பின்னாடி வர்றவங்க காலுல இடிக்குது. வருஷத்துக்கு ரெண்டு தடவ பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் தூக்குறவங்களுக்கு இது ஒரு விஷயமே இல்ல, அவங்களுக்கு ஏ3 தான் என் பதில், மிச்சமாகுற காசு அப்படியே கார்டுக்கு போகட்டும். மாசாமாசம்னா கை வலி தான் முடிவு பண்ணும்.

கண்ணாடி பேனல் பத்தியும் சொல்லணும். நான் முன்னாடி வச்சிருந்தது ஒரு பெரிய டவர், ஒரு பக்கம் முழு கண்ணாடி. ரூம் மாறும்போது ஆட்டோவுல மடியில வச்சு தான் கொண்டு போனேன், கீழ இறக்கி டைல்ஸ் தரையில வச்சப்போ ஒரு மூலை லேசா தட்டுச்சு, அவ்ளோ தான், மொத்த கண்ணாடியும் கல்லு உப்பு கொட்டுன மாதிரி சிதறிடுச்சு. டெம்பர்ட் கண்ணாடி நடுவுல தாங்கும், ஓரத்துல தட்டுனா தாங்காது. கார்டுக்குள்ள போன துண்டுகள பிரஷ் வச்சு எடுக்க ஒரு சாயங்காலம் முழுக்க ஆச்சு. தூக்கிட்டு போற பிசிக்கு இரும்பு பேனலோ மெஷ் பேனலோ இருந்தா போதும்.

ஆக தம்பிக்கு சிஹெச்160 தான் சொன்னேன். போர்டுல கூடுதலா போகுது, உண்மை தான், ஆனா எஸ்எம்பிஎஸ்ல மிச்சம், கூலர்ல மிச்சம், கைப்பிடி இருக்கு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல நாலு கடை ஏறி இறங்குனா முந்தின தலைமுறை ஐடிஎக்ஸ் போர்டு பழசு கிடைக்கவும் வாய்ப்பு இருக்கு. வாங்குறதுக்கு முன்னாடி சாக்கெட்டுல பின் எதுவும் வளைஞ்சிருக்கான்னு மொபைல் டார்ச் அடிச்சு பாத்துட்டு வாங்குங்க, ரைசன் 5000 போர்டுன்னா பின் ப்ராசஸர்ல இருக்கும், அதையும் திருப்பி பாருங்க.

பஸ் ஏறுறதுக்கு முன்னாடி கார்ட கழட்டி அது வந்த பெட்டியிலயே வச்சு துணி பேக்ல தனியா எடுத்துட்டு போடான்னும் சொல்லியிருக்கேன். சின்ன கார்டா இருந்தாலும் குண்டும் குழியுமான ரோட்டுல மூணு மணி நேரம் குலுங்குனா ஸ்லாட்டுக்கு தான் அடி. பவர் கேபிள், ரெண்டு ஸ்க்ரூ, ஸ்லாட் க்ளிப், அஞ்சு நிமிஷ வேலை. அந்த ரெண்டு ஸ்க்ரூவ மட்டும் பாக்கெட்ல போடாம திரும்ப கேபினட்லயே அதே ஓட்டையில முறுக்கி வச்சுடணும்.