எச்செரி சந்தை: தகர ரயில் தேடுகிறவர்களுக்கு

புடாபெஸ்டில் கம்யூனிஸ்ட் காலத்துத் தகர ரயில் பொம்மை வாங்க நினைத்தால் எச்செரி பழைய சாமான் சந்தைக்கே போங்கள். இணைய ஏலத்தில் பொருள் நிறைய வரும். ஆனால் சாவி கொடுத்து ஓட்டும் பொம்மையைப் படம் பார்த்து வாங்குவதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. தகரத்தில் அச்சடித்த அசல் படம் என்று சொல்லி ஒருவர் அனுப்பிய ரயில் பெட்டி, மேலே புதுப் பெயிண்ட் அடித்தது.

போராரோஷ் சதுக்கத்திலிருந்து 54ஆம் எண் பேருந்து போகிறது. சனிக்கிழமை காலையிலேயே போய்விடுங்கள். கூரை போட்ட கடைகளில் எல்லாம் துடைத்து அடுக்கியிருக்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும். நான் முதலில் குனிவது தரையில் துணி விரித்திருப்பவர்களிடம்தான்.

தேட வேண்டிய பெயர் லெமெசாருட்யார். புடாபெஸ்டில் இருந்த தகரப் பொருள் தொழிற்சாலை அது. தட்டையான தகரத்தில் முதலில் படத்தை அச்சடித்து, பிறகு வெட்டி மடித்து, ஓரத்தில் உள்ள சின்ன நாக்குகளைத் துளையில் செருகி வளைத்துவிடுவார்கள். அதனால் முதலில் அந்த நாக்குகளைப் பாருங்கள். மடிப்பின் மேலேயே பெயிண்ட் ஏறியிருந்தால் பின்னாளில் யாரோ பூசியது. நாக்கு ஒடிந்திருந்தால் பலமுறை பிரித்து மூடியிருக்கிறார்கள். ஜன்னல் ஓரத்து அச்சு தேய்ந்திருப்பது எனக்குக் குறையே இல்லை. ஒரு பிள்ளை ஆசை தீர விளையாடிய தடம் அது, அதை அழிக்க யாருக்கும் உரிமையில்லை.

அடுத்து சாவி. மெல்லத் திருகினால் சுருள்வில் படிப்படியாக இறுக வேண்டும். இறுகாமல் வழுக்கினால் உள்ளே வில்லின் முனை கழன்றோ ஒடிந்தோ இருக்கும். சாவி தொலைந்த இன்ஜின்கள்தான் அதிகம் வரும், ஆகவே வெவ்வேறு அளவில் பழைய சாவிகளைக் கையோடு கொண்டுபோங்கள்.

தகரம் பிடிக்காதவர்கள் எம்61 டீசல் இன்ஜினின் மாடலைத் தேடலாம். கிழக்கு ஜெர்மனியின் பொம்மை ரயில் நிறுவனமான பிக்கோ அதை எச்0 அளவில், அதாவது நிஜத்தில் 87இல் ஒரு பங்காக, செய்தது. நிஜ இன்ஜினை ஸ்வீடனின் நோஹாப் நிறுவனம் கட்டியது, உள்ளே இருந்ததோ அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் வடிவமைத்த டீசல்! ஹங்கேரி ரயில்வேக்கு 1963-64இல் 20 மட்டுமே வந்தன. 1965இலிருந்து சோவியத் எம்62 டீசல் இன்ஜின் வரத் தொடங்கியது, அதற்கு மக்கள் வைத்த பெயர் 'செர்கேய்'. அந்த 20 இன்ஜின்கள் மேல் ஹங்கேரிய ரயில் பிரியர்களுக்கு இருக்கும் பாசம் தனி, மாடலின் விலையிலும் அது தெரிகிறது.

இந்தச் சந்தைக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுப்பேன். முழு செட் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது என்பதால் ஒன்று குறைவு. இன்ஜின் ஒருவரிடம் இருக்கும், பெட்டி இன்னொருவரிடம், தண்டவாளம் எங்கேயோ ஸ்பூன் கூடைக்கு அடியில். தனித் தண்டவாளம் வாங்கும் முன் உங்கள் இன்ஜின் சக்கரத்தை அதில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.