ஆடு, சீட்டு, கடன், உதவித்தொகை: பள்ளிக்கூடச் செலவுக்கு எது தோதுப்படும்?

கையில் காசு இல்லை என்பது பாதிப் பிரச்சினை. காசு வருகிற தேதியும் பள்ளிக்கூடம் கேட்கிற தேதியும் ஒத்துப்போவதில்லை என்பது மீதிப் பாதி. மாதச் சம்பளக்காரருக்கு இது சட்டெனப் பிடிபடாது. சிறு விவசாயிக்கு வருமானம் அறுவடையை ஒட்டி மொத்தமாக வரும். கட்டணமோ பருவத்துக்குப் பருவம் வாசலில் வந்து நிற்கும். அதனால் எந்த வழி மலிவு என்று பார்ப்பதற்கு முன்னால், எது சரியான நாளில் கைகொடுக்கும் என்று பார்க்கிறேன்.

இலவசக் கல்வி இருக்கிறதே என்பீர்கள். மலாவி 1994-லும் உகாண்டா 1997-லும் கென்யா 2003-லும் தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை எடுத்துவிட்டன. மலாவியில் சுமார் 19 லட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை 30 லட்சத்துக்குத் தாவியது. ஆனால் கட்டணம் போனாலும் சீருடை, நோட்டு, செருப்பு, போக்குவரத்து எல்லாம் வீட்டுத் தலையில்தான். உயர்நிலை வகுப்புக்குப் போகப் போக அது ஏறிக்கொண்டே இருக்கும்.

முதலில் கைவைப்பது விளைச்சலில். இதில் இருக்கும் நஷ்டம் வெளியே தெரியாது. மேற்குக் கென்யாவில் மக்காச்சோள அறுவடை ஆண்டுக் கடைசியில். ஜனவரியில் புது வகுப்பு. எல்லோரும் ஒரே நேரத்தில் விற்பதால் விலை படுத்துவிடும். சில மாதம் கழித்து வீட்டுச் சாப்பாட்டுக்கே அதே சோளத்தை 25 முதல் 40 சதவீதம் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டிவரும். கணக்குப் போட்டால், பத்து மூட்டை விற்ற காசுக்குத் திரும்பி வருவது ஏழெட்டு மூட்டை. அறுவடைச் சமயத்தில் கடன் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், குடும்பங்கள் தானியத்தை இருப்பு வைத்து, விலை ஏறியதும் விற்று லாபம் பார்த்தன.

ஆடு இதைவிடத் தேவலை. தானாக மேயும், குட்டி போடும், ஒரு கட்டு நோட்டுப் புத்தகத்துக்காக மாட்டை விற்க வேண்டிய அவஸ்தை இருக்காது. ஆனால் பள்ளி திறக்கும் வாரத்தில் எல்லா வீட்டு ஆடும் சந்தைக்கு வரும், வியாபாரிக்கும் அந்தத் தேதி தெரியும். ஒரு மாதம் முன்பே விற்றுவிட வேண்டும். அப்படி விற்றால் அந்தக் காசு வேறு செலவுக்குப் போய்விடும் என்பது தனி வம்பு.

ஏலச்சீட்டிலும் இதே கதைதான். ஆளாளுக்குக் காசு வேண்டிய மாதத்தில் தள்ளு, அதாவது சீட்டை எடுக்க விட்டுக்கொடுக்கும் தொகை, எகிறும். அவசரக்காரர் அதிகம் தள்ளி எடுத்து, மற்றவருக்கு லாபம் கொடுத்துவிட்டுப் போவார். குலுக்கல் சீட்டிலோ எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது.

என் ஓட்டு சேமிப்புக் குழுவுக்கு. 1991-இல் நைஜரில் கேர் என்ற தொண்டு நிறுவனம் தொடங்கிவைத்த முறை இது. பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. வாரா வாரம் எல்லோர் முன்னிலையிலும் காசு எண்ணப்பட்டு ஓர் இரும்புப் பெட்டிக்குள் போகும். பெட்டிக்கு மூன்று பூட்டு. மூன்று சாவியும் மூன்று பேரிடம், பெட்டி நான்காவது ஆளிடம். கூட்டம் கூடாமல் யாராலும் திறக்க முடியாது. உள்ளுக்குள்ளேயே கடன் கொடுப்பார்கள். அந்த வட்டியும் சேர்ந்து, ஏறத்தாழ ஓராண்டில் மொத்தமும் பங்கு பிரியும். பங்கு பிரிக்கிற நாளைக் குழுவே வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்: பள்ளி திறக்க ஒரு வாரம் முன்பு என்று வைத்துக்கொண்டால் தேதிச் சிக்கலே தீர்ந்தது. குறையும் உண்டு. வாரம் ஒரு சிறு தொகைகூட எடுத்துவைக்க முடியாத வீடு இதற்குள் நுழையவே முடியாது.

அப்படிப்பட்ட வீட்டுக்கு அரசு உதவித்தொகைதான் வழி. மெக்சிகோ 1997-இல் தொடங்கிய திட்டத்தில் பணம் தாயின் கைக்குப் போனது, வகுப்பு ஏற ஏறத் தொகை கூடியது, உயர்நிலையில் பெண் பிள்ளைக்குச் சற்று அதிகம். வங்கதேசம் 1994-இல் கிராமத்து மாணவியருக்குக் கொடுத்த தொகைக்கு 75 சதவீத வருகையும், திருமணம் ஆகாமல் இருப்பதும் நிபந்தனை. நல்ல திட்டங்கள். ஆனால் வருகையைக் கணக்கெடுத்துக் கொடுக்கிற பணம் பின்னால்தான் வரும். முதல் நாள் சீருடைக்கு யாரிடமாவது கைமாற்று வாங்கியாக வேண்டும்.

மூத்த பிள்ளையை நிறுத்தி வேலைக்கு அனுப்பி இளையதைப் படிக்கவைப்பதும் ஒரு வழியாகவே நடக்கிறது. அதை மற்றவற்றோடு தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் கடன். ஏழைகளுக்குச் சிறு கடன் கொடுக்கும் நுண்கடன் நிறுவனங்களில் பல, வாங்கிய ஓரிரு வாரத்திலேயே தவணை கேட்கும். தையல் இயந்திரம் வாங்கினால் வாரக் காசு வரும், கட்டிவிடலாம். ஏழாம் வகுப்புப் பிள்ளை வாரக் காசு கொண்டுவருமா? வட்டிக்காரர் தவணைக்கு நெருக்க மாட்டார். வட்டி குட்டி போடும்வரை பொறுமையாக இருப்பார். அறுவடைக்கு ஒரு மாதமே இருக்கிறது, தேர்வுக் கட்டணத்துக்கு நாளை கடைசி நாள் என்றால் வாங்கலாம். அதுவும் குழுப் பெட்டியில் கேட்டுப் பார்த்த பிறகு.